பாசிமணிக்கு மகிமை எங்கிருந்து வந்தது?



மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு தேசம் இருக்கிறது. அதன் பூர்வகுடிகளில் பெரும்பாலோருக்கு மாயர் என்று பெயர். பெயரைக் கேட்டதுமே நம் பண்டிதர்கள், “ஆஹா, நம் மயன் வம்சம்!” என்று புராண மூட்டையை அவிழ்ப்பார்கள். எழுத்து ஒத்திருந்தால் இரத்தமும் ஒத்துவிடுமா? அது கிடக்கட்டும்.

அங்கே அத்தித்லான் ஏரிக்கரை ஊர்களில் பெண்கள் பொடிப் பொடியான கண்ணாடி மணிகளை ஊசியில் ஒவ்வொன்றாகக் கோத்து மாலையும் காதணியும் செய்கிறார்கள். ஒரு மணி தவறினால் உருவமே கோணிப்போகும், அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். கண்ணைக் கெடுக்கும் வேலை. இதை வெளிதேசங்களில் விற்கும் வியாபாரிகளில் சிலர் என்ன சொல்லுகிறார்கள்? புராதன தெய்வசக்தி இதில் இருக்கிறதாம், அணிந்தால் அதிர்ஷ்டமாம்! நம்மூர் ருத்திராட்சக் கடைக்காரனுக்கு இவர்கள் தம்பிமார்கள்.

உண்மை என்ன? பழைய மாயர் பொன்னைவிட மேலாக மதித்தது பச்சைக்கல்லை. கண்ணாடி மணியோ ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த சரக்கு. இன்றைக்கும் நல்ல மணிகள் செக் தேசத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. யந்திரசாலையில் தெய்வசக்தி எந்தக் குழாய் வழியாகப் புகுந்தது? அந்த மணியில் அந்தப் பெண் சேர்த்தது தன் உழைப்பு ஒன்றுதான். ஆனால் இல்லாத சக்திக்கு விலை வைக்கிறார்கள். இருக்கிற உழைப்புக்குப் பேரம் பேசுகிறார்கள்.

1934-இல் உபிகோ என்ற சர்வாதிகாரி ஒரு சட்டம் செய்தான். நிலமில்லாதவன் வருஷத்துக்கு 150 நாள் கூலிக்கு உழைத்ததற்குக் கையில் புத்தகம் வைத்துக்காட்ட வேண்டும். காப்பித் தோட்ட முதலாளிகளுக்கு நல்ல வேட்டை! பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம். செத்தவர்களும் காணாமற்போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல். 1999-இல் வந்த விசாரணைக் கமிஷன் அறிக்கைப்படி, அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயர். அந்த 36 வருஷமும் மணியின் சக்தி எங்கே போயிருந்தது?

புருஷனை இழந்த பெண்கள் பலர் கோயிலை நம்பி உட்காரவில்லை. கைத்தொழில் சங்கங்களாகக் கூடினார்கள். இப்படிப்பட்ட சங்கங்களுக்குத் துணையாக ‘நியாய வியாபாரம்’ என்று ஒரு முறை இருக்கிறது. கைவினைச் சரக்குக்குச் செய்பவர் கேட்டால், வாங்குகிறவர் பாதிக்குக் குறையாத தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இது சின்ன விஷயமல்ல. மணிக்கும் நூலுக்கும் காசில்லாதவள் வட்டிக்காரனிடம் போனால், மாலை முடியும் முன்பே கூலி போய்விடும்.

இதிலும் ஒரு கோளாறு. வாங்குகிற சீமாட்டிகள், “ஏழைக்குத் தர்மம் செய்தேன்” என்று பெருமைப்படுகிறார்கள். பொருளை வாங்கிக்கொண்டு விலை கொடுப்பது எப்படித் தர்மமாகும்? நியாய வியாபாரம் என்று சீட்டு ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. இதைச் செய்ய எத்தனை மணி நேரம் பிடித்தது, செய்தவள் கைக்கு எவ்வளவு போயிற்று என்று விற்கிறவனைக் கேட்கட்டும். அவன் கணக்கைக் காட்டட்டும். சக்தியைப் பற்றிப் பிறகு பேசலாம்.