முகத்தில் அடிக்காமல் மறுப்பது

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, 1996-ல் திறந்தது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து ஒருவர், “இது கேரள வீடுதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் என்று வையுங்கள். நம் பிள்ளைகள் சட்டென்று, “நோ சார், ராங்” என்பார்கள். தகவல் சரிதான். ஆனால் கேட்பவருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். “ஐ ஆம் நாட் சோ ஷ்யூர், ஐ திங்க் இட்ஸ் ஃப்ரம் செட்டிநாடு” என்றால் அவரும் ஆர்வமாகக் கேட்பார்.

“ஐ ஆம் நாட் சோ ஷ்யூர்” என்பதையே ஆங்கிலேயர் ஒருவர் உங்களிடம் சொன்னால், அவர் பெரும்பாலும் விளக்கம் கேட்கவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை என்கிறார்.

இப்படி மென்மையாக மறுப்பது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் பணிவான பேச்சைப் பற்றி 1978-ல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 1987-ல் அது தனி நூலானது. அதற்கு முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், நம் கோவைப் பக்கத்துத் தமிழ்! “நீங்க சொல்றது சரிதாங்க, ஆனா...” என்று பெரியவர்களிடம் இழுக்கிறோமே, அந்தப் பக்குவம்தான்.

ஆங்கிலத்துக்கு மாறியதும் அது நழுவிவிடுகிறது. வகுப்பில் நாம் படித்தது கேள்வி-பதில் ஆங்கிலம். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு வகுப்பையாவது பிள்ளைகள் தங்களுக்குள் மறுத்துப் பேசிப் பழக விடுங்கள்.