மறைந்த இரத்தம்

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் பெருந்தெருவில் உள்ள ஊர் பூவரசங்குளம். அங்கே ஐம்பது வயதைக் கடந்த உழவர் ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களாக வயல் வரம்பில் நடந்தாலே அவருக்கு இளைப்பு. இரத்தச்சோகை என்று கண்ட வைத்தியர், மலத்தில் மறைந்த இரத்தம் உண்டா என்று சோதிக்கும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறார். அத்துண்டு அவருடைய சட்டைப் பையிலேயே கிடந்து கசங்குகிறது. மருந்துக்கடையில் அயலவர் காதில் விழ அதனைக் கேட்பது எங்ஙனம்? நேயர்களே, இந்த நாணம் அவருக்கு மட்டும் உரியதன்று.

பெருங்குடலில் தோன்றும் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு தருவதில்லை. சிறிது சிறிதாக இரத்தம் கசிந்து, மலத்தோடு கலந்து, கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும். அதனை வெளிப்படுத்த 1901ஆம் ஆண்டில் வழி கூறியவர் ஜெர்மனிய வைத்தியர் இஸ்மார் போவாஸ். பழைய சோதனையில் உண்ட இறைச்சியின் இரத்தமும் குழப்பம் விளைத்தது. புதிய சோதனையோ மனித இரத்தத்தை மட்டுமே இனங்காண்பது. ஆகவே உணவில் விலக்கு வேண்டுவதில்லை.

ஜப்பானில் 1992 முதல் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடையோர்க்கு இச்சோதனை ஆண்டுதோறும் உண்டு. வன்னி மக்களின் உறவினர் பலர் வாழும் பிரான்சில், 2022 முதல் மருந்துக்கடைக்காரரே குப்பியைக் கொடுத்து விளக்கமும் சொல்கிறார். அங்கே அது தலைவலி மாத்திரை வாங்குவது போன்ற காரியம்.

செய்முறை எளிது. மலம் நீரில் படாதவாறு ஒரு தாளில் ஏந்தி, குப்பியின் குச்சியால் சில இடங்களில் தொட்டு, இறுக மூடித் திகதி எழுதவேண்டும். மாதவிடாய் நாட்களில் எடுத்தலாகாது. வன்னி வெயிலில் ஓர் எச்சரிக்கை: வெப்பத்தில் இரத்தத்தின் கூறு சிதையும், இருந்த இரத்தமும் இல்லாததாகத் தோன்றும். குப்பியை மோட்டார் சைக்கிளில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகலாகாது, தாமதமின்றி ஒப்படைக்கவேண்டும்.

இரத்தம் இல்லை என்று முடிவு வந்தாலும் நமது உழவர் வைத்தியரிடம் திரும்பிச் செல்லவே வேண்டும். வெறுங்காலுடன் சேற்றில் உழைப்போரைப் பற்றும் கொழுக்கிப்புழு சிறுகுடலில் இரத்தம் உறிஞ்சும். அங்கே கசிவது புதிய சோதனையில் தப்பிவிடக்கூடும். சோகைக்குக் காரணம் காணாமல் இரும்புக் குளிகையை மட்டும் விழுங்குவது பெரும் பிழை.

இரத்தம் உண்டு என்று வந்தால் அது புற்றுநோய்த் தீர்ப்பன்று, மூலமாகவும் இருக்கலாம். எனினும் ஊகித்திருத்தல் தகாது. குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். நாளடைவில் புற்றாக மாறக்கூடிய சிறு முளை தென்படின், பெரும்பாலும் அக்குழாய் வழியாகவே அதனை அகற்றிவிடுவார்கள்.