ஊருக்கொரு தொழில்



பிழைப்பை நாடிக் குஜராத்துக்கு வந்த நாம், நமக்குச் சோறிடும் இம்மாநிலத்தின் தொழில்களை எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

இங்கே ஊருக்கொரு தொழில் வேரூன்றியிருக்கிறது. சூரத்தில் வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறார்கள். ஜாம்நகரில் பித்தளை உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். மோர்பியில் ஓடு சுடுகிறார்கள். அலங்கு கடற்கரையில் 1983 முதல் பழங்கப்பல்களை உடைக்கிறார்கள். மோர்பிக்கு அண்டை நிலத்துக் களிமண் துணை நின்றது. ஆனால், சூரத்தில் வைரச் சுரங்கம் இல்லை. ஜாம்நகரில் செம்புச் சுரங்கமும் இல்லை. பழம்பித்தளையைத் தருவித்தே உருக்குகிறார்கள். கைத்திறன் உடையோர், கடன் கொடுப்போர், சரக்கு வாங்குவோர் ஆகிய மூவரும் ஓரிடத்தில் கூடியமையே அவ்வூர்களின் சுரங்கம் எனலாம்.

ஆயினும், ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு இடரும் உண்டு. அகமதாபாத்தில் ரண்சோட்லால் சோட்டாலால் 1861-இல் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். பின்னர் ஆலைகள் பெருகி, அந்நகர் இந்தியாவின் மான்செஸ்டர் என்று புகழப்பட்டது. ஆலை இயந்திரங்கள் பழமையடைந்தன. விசைத்தறித் துணியும் செயற்கை இழையும் மலிவாக வந்தன. 1980-களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் நிலையான ஊதியத்தை இழந்தன. தறியன்றி வேறறியாத பலர், நடுவயதில் ஆட்டோ ஓட்டவும் தெருவில் பண்டம் விற்கவும் நேர்ந்தது. 2008-இல் உலகச் சந்தை சரிந்தபோது சூரத்தின் வைரப் பட்டறைகளும் அவ்வாறே தத்தளித்தன.

ராஜ்கோட்டின் கதை வேறு. கிணற்று நீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்கு அவ்வூர் பேர் பெற்றது. கிராமங்களுக்கு மின்சாரம் சென்றபின் அதன் தேவை குறைந்தது. ஆனால், எஞ்சினை வார்த்த உலைகளும் கடைந்த பட்டறைகளும் மோட்டார் வண்டிப் பாகங்கள், பேரிங்குகள், இயந்திரக் கருவிகள் ஆகியவற்றைச் செய்யத் தலைப்பட்டன. பொருள் மாறிற்று, கைத்திறன் நிலைத்தது.

அன்பர்களே, நம் ரயில்வே காலனியும் ஒரு தொழில் ஊர்தான் அல்லவா? தந்தை இருந்த உத்தியோகமே மகனுக்கும் கிட்டும் என்று இன்னும் காத்திருக்கிறோம். 1990-களில் நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தபோது, கரியள்ளிய கைகள் புதுவேலை கற்க நேர்ந்ததை நம் மூத்தோர் அறிவர். அந்நாளில் ரயில்வே நம்மைக் கைவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஆகும் என்று யார் உறுதி கூற முடியும்?

ஆதலின், நம் சங்கத்தில் தமிழ் கற்பிப்பதோடு, ஆணும் பெண்ணும் ஒரு கைத்தொழிலும் குஜராத்தி எழுத்தும் கற்க மாலை வகுப்பு தொடங்குவோமாக. ராஜ்கோட்டின் வழி நம் வழியாகட்டும்.