நத்தார் இரவில் ஒரு கேள்வி



போன நத்தாருக்கு அடுத்த லயத்தார் கூப்பிட்டு மாதா கோயில் பூசைக்குப் போனோம். "மதம் மாறப்போறாங்களோ" என்று லயத்தில் பேச்சு. பேசட்டும்.

பூசை முழுக்கத் தமிழ். 1962–65 வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு இலத்தீனில்தான் நடந்தது. நடுவில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்வார்கள். பீலித் தண்ணீர்ச் சண்டையால் ஆறு மாசமாய் எங்களோடு பேசாதவர், திரும்பிக் கைகூப்பினார். எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

வரும் வழியில் மகள் கேட்டாள்: "நம்ம கோயில்ல ஐயர் சொல்றதுக்கு என்னப்பா அர்த்தம்?" தெரியவில்லை. வெட்கமாய்ப் போனது.

அடுத்த வெள்ளி குருக்களிடமே கேட்டோம். சங்கல்பத்தில் எங்கள் பெயர், நட்சத்திரம் சொல்லிக் குடும்ப நலம் வேண்டுகிறாராம். இத்தனை வருசம் தட்டை நீட்டியும் இது தெரியாது! இப்போது அர்ச்சனைக்கு அந்த வீட்டார் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.