வெற்றிலை மடியும் விற்றமின் ஏயும்

பதுளை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலே கொழுந்து கொய்யச் செல்லும் பெண்களுட் பலர், மடியிலே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையையும் முடிந்துகொண்டே மலையேறுகின்றனர். குளிருக்கும் பசிக்கும் அது துணை என்பர். அத்துணையே வாய்க்குப் பகையாகின்றது. கன்னத்தின் உட்புறத்தே தோன்றும் வெண்திட்டு பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய திட்டுகளிற் சில பின்னர்ப் புற்றுநோயாகின்றன.

வாயின் உட்தோல் இடையறாது தேய்ந்து புதிதாக வளர்வது. புதிதாய்ப் பிறக்கும் ஒவ்வொரு கலமும், 'பெருகியது போதும். இனி முதிர்ந்து உன் தொழிலைச் செய்' என்னும் கட்டளையைப் பெறல் வேண்டும். அக்கட்டளையைச் சுமக்கும் தூதுவருள் ஒன்று விற்றமின் ஏ. அது உடலிலே ரெட்டினோயிக் அமிலமாக மாறி, கலத்தின் கருவினுட் புகுந்து, அங்குள்ள வாங்கிப் புரதத்தோடு இணைகின்றது. உடனே சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன. இவ்வாங்கிகள் 1987ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டன. புற்றுநோயை நோக்கிச் செல்லும் வாய்க்கலங்களிலோ இவ்வாங்கிகளுள் ஒன்று பல வேளைகளில் மறைந்துவிடுகின்றது. தூது வந்தும் கதவு திறப்பாரில்லை.

கதவு திறந்தால் விளைவு யாது? குருதிப் புற்றுநோயின் ஒரு வகையுற்ற 24 பேருக்குச் சீனத்து ஷங்காய் மருத்துவர்கள் ரெட்டினோயிக் அமிலத்தை அளித்து, 1988இல் முடிவை வெளியிட்டனர். முதிராது பெருகிய கலங்கள் முதிர்ந்தன. 23 பேருக்கு அம்மருந்தொன்றினாலேயே நோய் தணிந்தது.

வாயின் வெண்திட்டைத் திருவனந்தபுரத்து ஆய்வாளர் சோதித்து 1997இல் வெளியிட்டனர். விற்றமின் ஏ உண்டவருள் நூற்றுக்கு 52 பேருக்குத் திட்டு முற்றும் மறைந்தது. வெறும் மாத்திரை உண்டவருள் பத்துப் பேருக்கே மறைந்தது. ஆனால், மருந்தை நிறுத்தியதும், குணமடைந்தோருள் மூன்றில் இருபங்கினருக்குத் திட்டு மீண்டும் தோன்றியது.

ஆகவே மாத்திரையை நம்பிப் புகையிலையை மெல்லுதல் பேதைமை. பின்லாந்திலே பீற்றா கரோட்டின் மாத்திரை உண்ட புகைபிடிப்போரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்ததென 1994இல் தெரியவந்தது. கருவுற்ற தாய்க்கு மிகையான விற்றமின் ஏ சிசுவையே ஊறுபடுத்தும். உடலுக்கு வேண்டிய அளவை முருங்கைக்கீரையும் பொன்னாங்காணியும் பப்பாசியும் பூசணியும் தரும்.

எனவே, மடியிலுள்ள புகையிலையை இன்றே விலக்குக. கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்க. இரண்டு வாரத்திலே மறையாத திட்டோ புண்ணோ இருப்பின், அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுக. வலி வருமுன் செல்பவரே பிழைக்கும் வாய்ப்பு மிக்கவர்.