இதயக் கட்டியும் மாற்று இதயமும்

 

இதயத்திலும் கட்டி வருமா என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வரும், ஆனால் மிக அரிது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புற்றல்லாதவை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் மிக்சோமா, பெரும்பாலும் இடது மேலறையில் காம்பில் தொங்கும். காம்போடு அறுத்தெடுத்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

எல்லாக் கட்டியும் இப்படி இணங்கி வருவதில்லை. குழந்தைகளுக்கு வரும் ஃபைப்ரோமா கீழறைச் சுவரின் தசைக்குள்ளேயே ஊன்றி வளரும். அச்சுவரை எவ்வளவுதான் வெட்டுவது? எஞ்சிய தசை இரத்தத்தைத் தள்ளியாக வேண்டுமே! அந்நிலையில் இதயத்தையே மாற்றுவது ஒரு வழி. இக்கட்டி வேறு உறுப்புகளுக்குப் பரவாதது. ஆகவே பழைய இதயத்தோடு அதுவும் போய்விடும்.

சார்கோமா என்னும் புற்றுக்கட்டியின் கதை வேறு. அதனைக் கண்டறியும் முன்பே பலருக்கு நுரையீரலுக்குப் பரவியிருக்கும். மேலும், மாற்று இதயத்தை உடல் ஏற்க வேண்டுமாயின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். எஞ்சிய புற்றணுக்களை எதிர்ப்பதும் அதே ஆற்றல்தான். காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போலாகிவிடுகிறது! புதிய இதயம் பெற்ற பின்னும் நோய் திரும்பியவர்கள் உண்டு. எனவே, வீட்டை விற்றேனும் பணம் கட்டுகிறோம் என்று நாம் நிற்கும்போது மருத்துவர் மறுத்தால், அவர் கைவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் டென்டன் கூலி 1985இல் வேறொரு வழியை முயன்றார். நோயாளியின் இதயத்தையே வெளியே எடுத்து, கட்டியை நீக்கி, மீண்டும் பொருத்துவது அம்முறை. பின்னர் அதே நகரில் மைக்கேல் ரியர்டன் புற்றுக்கட்டிகளுக்கும் இதனைக் கையாண்டார். சொந்த இதயமாதலால் அடக்கு மருந்தும் தேவையில்லை, கொடையாளியும் தேவையில்லை.

மற்றவர்களுக்கோ, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதிக்க வேண்டும். நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டமும், டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்த முதல் வெற்றிகரமான இதய மாற்றும் 1994இல் வந்தவை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்தது. உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம். ஆனால் எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும். மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு முதன்முறையாக யோசிக்கும் விஷயமன்று இது. வீட்டில் இருக்கும்போதே பேசி வைப்போம்.

ஐயமுள்ளோர் இஷாவுக்குப் பின் கேட்கலாம். வஸ்ஸலாம்.