கப்பலேறிய ஏழைகளுக்கு ஓர் ஆயர்

வட இத்தாலியில் பியச்சென்சா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி. மிலான் ரயில் நிலையத்தில் ஒருநாள் நூற்றுக்கணக்கான ஏழைகளைப் பார்த்தார். கூன் விழுந்த கிழவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், வயசுப் பிள்ளைகள். எல்லாரும் துறைமுகத்துக்குப் போய் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறப் போகிறவர்கள். அந்தக் காட்சி அவரைத் தூங்கவிடவில்லை. 1887 நவம்பர் 28இல், புலம்பெயர்ந்தோருக்கென்றே ஒரு துறவற சபையைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிய ஏஜென்டுகள் இத்தாலியக் கிராமங்களைச் சுற்றி வந்தார்கள். இவர்களை அடக்கச் சட்டம் வேண்டும் என்று ஆயர் எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1901இல் இத்தாலி புதிய குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. பூசையோடும் புத்திமதியோடும் நின்றுவிடாமல், ஏமாற்றுகிறவனின் கையைப் பிடிக்கவும் துணிந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவரோடு சேர்ந்த இளங்குரு ஜுசெப்பே மார்க்கெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிரேசில் போகும் கப்பலில் ஓர் இளம்தாய் இறந்துபோனாள். பால்குடி மறக்காத குழந்தை. கணவன் கடலில் குதிக்கப் போனான். ‘உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று குரு வாக்குக் கொடுத்தார். ரியோ துறைமுகத்தில் இறங்கிக் குழந்தையைக் கையில் ஏந்தி அடைக்கலம் தேடி அலைந்தார். அந்த வாக்கிலிருந்து பிறந்ததுதான் 1895இல் சாவோ பாவ்லோவில் அவர் தொடங்கிய அநாதை இல்லம். பிள்ளைகளைப் பராமரிக்கத் தம் தாயையும் தங்கை அசுந்தாவையும் இத்தாலியிலிருந்து அழைத்து வந்தார். மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். வயது 27. தங்கை அந்தப் பணியை விடவில்லை. அசுந்தா 2014இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

ஸ்கலபிரினிக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 அக்டோபர் 9இல் புனிதர் பட்டம் அளித்தார். அவருடைய சபையினர் மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவில் 1987 முதல் ஒரு விடுதி நடத்துகிறார்கள். அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே சாப்பாடும் படுக்க இடமும் உண்டு.

நேயர்களே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டால், பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்டிடம் அரசு கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.